செஞ்சி வண்டியில் கிடந்த புதுக் கயிறு

“ஐயா, ஒருத்தர் தண்ணி குடிக்கறப்போ நாம அவரப் பாக்கலாமா, பாக்கக் கூடாதா?”

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பிள்ளைகள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பதில் தெரியாதபோது “நாளைக்குச் சொல்கிறேன், உட்கார்” என்று தப்பித்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டது பிள்ளை அல்ல. சென்ற மாசி மாதம், காலை ஏழு மணிக்கு, செஞ்சிக் கோட்டை வாசலில் வைத்து ஒரு வண்டிக்காரரின் மனைவி கேட்டாள். அன்றும் நான் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

செஞ்சிக்கு நான் போன காரணம் வெட்கப்பட வேண்டியது. ஏழாம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் அந்தக் கோட்டையை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். மூன்று மலை, ஒரு மதில், உச்சியில் பாலம் என்று கரும்பலகையில் படம்கூடப் போடுவேன். ஆனால் பார்த்ததில்லை. பென்ஷன் வாங்கி இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பிறகு, பொய் சொல்லியே காலம் தள்ளியதுபோல ஓர் உறுத்தல். கிளம்பிவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை ரயில். அங்கிருந்து செஞ்சி ஏறக்குறைய பதினேழு மைல். யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு அல்லவா, பஸ் கரிவாயுவில் ஓடுகிறது. பின்னால் ஓர் அடுப்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கிளீனர் அதை விசிறி மூச்சுக் கொடுத்தால்தான் வண்டி நகரும். பகல் இரண்டுக்குப் புறப்பட்டது, நாலே முக்காலுக்குச் சேர்ந்தது. நடுவில் ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கட்டணம் ஒன்பது அணா. தள்ளியதற்குக் கழிவு கிடையாது. கரி படியும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே சத்திரம். மறுநாளைக்கு வண்டி பேசப் போனால், வேர்க்கடலை மூட்டை ஏற்ற எல்லா வண்டிகளும் போய்விட்டிருந்தன. ஒற்றை மாட்டு வண்டி ஒன்றுதான் நின்றது. வண்டிக்காரர் மாணிக்கம், நாற்பது வயதிருக்கும், கன்னம் ஒட்டிய முகம். காலையில் கோட்டை, பிறகு சிங்கவரம் குகைக் கோயில், பகலுக்குள் திரும்பி வருவது, இரண்டு ரூபாய் என்று பேசினேன்.

“கோட்டைக்கு வரன் ஐயா. சிங்கவரத்துக்கு மாத்திரம் வண்டி வராது.”

“ஏனப்பா, வழி சரியில்லையா?”

“வழியெல்லாம் நல்லாத்தான் இருக்குது.” மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிங்கவரம் மூன்று மைல்தான், நடந்துகொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

காலை ஆறேகாலுக்கு வண்டி வந்தது. முன்பக்கம் மாணிக்கத்தின் பக்கத்தில் ஒரு பெண். “என் சம்சாரம், அஞ்சல. கூட வருது,” என்றார். சவாரிக்கு மனைவியைக் கூட்டிவரும் வண்டிக்காரரை நான் பார்த்ததில்லை. உள்ளே வைக்கோலைச் சரிசெய்து உட்காரும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. புதுக் கயிறு, மணம் மாறாத தேங்காய்நார்க் கயிறு, சுருணையாக. “என்னம்மா, கோட்டையை இழுத்து வரப் போகிறோமா?” என்று வேடிக்கையாகக் கேட்டேன். இருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கையைப் பின்னால் நீட்டிக் கயிற்றை வைக்கோலுக்குள் தள்ளினாள்.

வழிப்பறிக் கதைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. கடிகாரத்தைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டேன்.

குளக்கரை வந்தது. வெயில் பட்டுத் தண்ணீர் பளபளவென்று இருந்தது. மாணிக்கம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதே நேரத்தில் அஞ்சலை முந்தானையை விரித்துக் குளம் அவர் கண்ணில் படாதபடி மறைத்தாள். மாடு பழக்கத்தில் தானே வழி பார்த்து நடந்தது. குளம் தாண்டியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருவரும் இதைப் பல தடவை செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கோட்டை வாசலில் மாணிக்கம் மாட்டை அவிழ்த்துப் புளியமரத்தடிக்கு ஓட்டிப் போனார். அவர் தலை மறைந்ததும் அஞ்சலை என் பக்கம் வந்தாள்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. ஒருத்தர் தண்ணி குடிக்கறப்போ நாம அவரப் பாக்கலாமா, பாக்கக் கூடாதா?”

“ஏனம்மா அப்படிக் கேட்கிறாய்?”

“அவர ஒண்ணு கடிச்சிடுச்சிங்க.”

“பாம்பா?”

இல்லை என்று தலையாட்டினாள். “பேர் சொல்லக் கூடாது. வால் ஆட்டுமே, அது.”

இருபத்து மூன்று நாள் ஆயிற்றாம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மந்திரிப்பவர் ஒருவர் வெல்லத்தில் மருந்து வைத்துக் கொடுத்துப் பத்தியம் சொல்லியிருக்கிறார். நாற்பத்தெட்டு நாளைக்குக் கடித்ததன் பெயரை வீட்டிலும் தெருவிலும் யாரும் அவர் காதுபடச் சொல்லக்கூடாது. சொன்னால் விஷம் எழுந்துவிடும், மனிதன் குரைக்க ஆரம்பித்துவிடுவான். கிணறு, குளம் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தன் முகத்துக்குப் பதில் அதன் முகம் தெரியும். தெரு முழுவதும் இதைச் சிரத்தையாகக் கடைப்பிடிக்கிறதாம். அவரைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் மூன்றும் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும்.

“நாலு நாளா தண்ணி எறங்க மாட்டேங்குது. கஞ்சி எறங்குது, தண்ணி எறங்கல. ஆரம்பிச்சிடுச்சாங்க?”

“அந்தக் கயிறு?”

“அவருதாங்க வாங்கியாந்தாரு. எனக்கு எதனா ஆச்சின்னா புள்ளைங்கள வெளிய அனுப்பிட்டு கட்டிப் போட்டுடுன்னு சொல்லிக்கினு இருக்காரு.” அவள் அழவில்லை. அழுகையெல்லாம் முன்பே முடிந்திருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மேலே போய் வந்து சொல்கிறேன் அம்மா.” தப்பித்தேன்.

மூன்று மலைகளில் உயரமானது ராஜகிரி, ஏறக்குறைய எண்ணூறு அடி. கல்படிகள் பல இடங்களில் முழங்கால் உயரம். காலை ஏழரைக்கு ஏறத் தொடங்கினால் என் வயதுக்காரர் நின்று நின்று ஒன்பதரைக்குப் போய்விடலாம். கையில் குச்சி வேண்டும். குரங்குகள் பொட்டலத்தைப் பறிக்கின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதன் மேல் பலகைப் பாலம். நான் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டுக் காட்டிய பாலம் அதுதான். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கால் வைத்தேன், நினைத்ததனாலேயே பார்த்தேன். கால் இரண்டும் தூணாகிவிட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து கடந்தேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. நெற்களஞ்சியம், கோயில், எதிரே கிருஷ்ணகிரி மலை, கீழே கல்யாண மகாலின் அடுக்குகள் எல்லாம் தெரிந்தன. நான் பார்த்தது புளியமரத்தை. மாணிக்கம் மரத்தடியில் ஒரு புள்ளி; அஞ்சலை வண்டிக்கருகில் ஒரு புள்ளி. திடீரென்று இரண்டாவது புள்ளி முதல் புள்ளியை நோக்கி வேகமாகப் போயிற்று. கையில் கயிறா? கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதற்குள் மரம் மறைத்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து பார்க்க வந்த கோட்டையைக் கால் மணி நேரம்கூடப் பார்க்காமல் இறங்க ஆரம்பித்தேன்.

இறங்கும்போது என் பழைய சுகாதாரப் பாடப் புத்தகம் மனத்தில் ஓடியது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும்; அதற்கு மேல் மருந்து இல்லை. வெறிநோய் கடித்துச் சில வாரத்திலும் வரும், மாதங்கள் கழித்தும் வரும். அதே பக்கத்தில் கடைசி வரி ஒன்று உண்டு. கடித்த நாயைக் கொல்லாமல் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளைக்குப் பிறகும் அது நலமாயிருந்தால் கடிபட்டவருக்குப் பயமில்லை. பரீட்சைக்கு வராத வரி என்று வேகமாகப் படித்துவிட்டுப் போவேன்.

பத்தே முக்காலுக்குக் கீழே வந்தேன். இருவரும் மரத்தடியில் பத்திரமாக இருந்தார்கள். அவள் கையில் இருந்தது மாட்டுக்கு வைக்கோல்தான். எனக்கு நா வறண்டிருந்தது. கூஜாவிலிருந்து குடித்துவிட்டு, யோசிக்காமல் மாணிக்கத்திடம் நீட்டினேன். அவர் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்தார். நான் அவர் தொண்டையைப் பார்த்தேன். அஞ்சலையும் பார்த்தாள். தண்ணீர் உள்ளே போய் அங்கேயே நின்றது. புரையேறி மூக்கால் வந்தது. அவர் குனிந்து இருமும்போது அஞ்சலையின் கை தானாக வண்டிப் பக்கம் போயிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னும் இல்ல அஞ்சல,” என்றார். “பொறு.”

நான் ஓர் அடி பின்வாங்கியிருந்தேன். சோற்றுத் தூக்கை எனக்கும் அவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் செய்யுளை நீர் கொட்டுவதுபோல ஒப்பிப்பான். இன்ஸ்பெக்டர் வந்த அன்று எழுந்து நின்றான். வாய் திறந்தது, குரல் வரவில்லை. முப்பது பிள்ளைகளும் தலைமையாசிரியரும் அவன் வாயையே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கத் தொண்டை அடைத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டரின் வண்டி தெருக்கோடி தாண்டவில்லை, முழுச் செய்யுளையும் கத்தி ஒப்பித்தான். இந்த மனிதருக்கும் அதுதானா, அல்லது நிஜமாகவே நோய்தானா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, எல்லோரும் சொல்லாமல் காத்துவரும் சொல்லைச் சொல்வது.

“மாணிக்கம், உன்னைக் கடித்த நாய் என்ன ஆயிற்று?”

அஞ்சலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “ஐயோ, ஐயோ” என்று உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கத்தின் முகம் வெளிறிற்று, தாடை நடுங்கியது. நான் கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் குரைக்கவில்லை.

“தெரியாதுங்க,” என்றார் கடைசியில். “யாரும் சொல்லல.”

“நீ கேட்கவில்லையா?”

“எப்பிடிங்க கேக்கறது? பேர் சொல்லாம?”

சிங்கவரம் ஏரிக்கரையில், மூட்டை ஏற்றி வரும்போது பாய்ந்து கெண்டைக்காலைக் கடித்ததாம். செவலை நாய், ஒரு காது பாதி அறுந்தது. கரையோர வீட்டுக்குள் ஓடிற்றாம். அன்றிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. பத்து நாள் விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

“அப்ப, அது உசுரோட இருந்தா?”

“உனக்குப் பயமில்லை.”

“இல்லாட்டி?”

“வா, போய்ப் பார்த்துவிடலாம்,” என்றேன். அவர் போய் மாட்டை வண்டியில் பூட்டினார்.

அந்த மூன்று மைலை நான் மறக்க மாட்டேன். நாய் செத்திருந்தால்? ஒரு மனிதனுக்குத் தன் சாவுச் செய்தியைக் கேட்க வண்டி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கடலைக் கொல்லை, இடையிடையே பாறை. ஏரிக்கரை வந்ததும், “நீ இங்கே இரு, நான் போய்க் கேட்டு வருகிறேன்” என்றேன்.

“வேணாங்க. நீங்க வந்து முகத்த ஒரு மாதிரி வெச்சிக்கினு நின்னா, அந்த நேரத்துலயே நான் செத்துருவன். நானே கேக்கறன்.”

கரையோர வீட்டு வாசலில் ஐம்பது வயதுள்ள ஒரு பெண் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். பெயர் முனியம்மா என்று பிறகு தெரிந்தது. மாணிக்கம் வண்டியிலிருந்து இறங்கி நேராகப் போனார்.

“யம்மா, உங்க வூட்ல ஒண்ணு இருந்திச்சே… செவல…” நின்றார். எச்சில் விழுங்கினார். “நாயி. செவல நாயி. காது அறுந்தது.”

இருபத்து மூன்று நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. முனியம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வண்டியில் வைக்கோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

“நாயா? எங்க வூட்ல ஏது நாயி? இருந்திச்சி ஒண்ணு. அது செத்து இருவது நாளாச்சே.”

மாணிக்கம் கடலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை வண்டியிலிருந்து இறங்கவில்லை, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடித்த மூன்றாம் நாள் நாய் செத்திருக்கிறது. எனக்குக் கணக்குப் போடத் தெரிந்ததற்காக என்னையே சபித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு நாய் குரைத்தது.

மறுபடி குரைத்தது, வண்டி மாட்டைக் கண்டு குரைக்கும் குரைப்பு. மாணிக்கம் தலையைத் தூக்கினார்.

“அது வேற,” என்றாள் முனியம்மா.

“எது வேற?” அஞ்சலை ஒரே தாவில் இறங்கினாள். “எது வேற, சொல்லு! என் புருசன் உசுருடி அது!” வீட்டைச் சுற்றி ஓடினாள். நாங்களும் ஓடினோம். மாட்டுக் கொட்டிலில், அறுந்து முடிச்சுப் போட்ட பழைய கயிற்றில், செவலை நாய் ஒன்று எங்களைப் பார்த்துக் குதித்தது. ஒரு காது பாதிதான் இருந்தது.

“இதுதான்,” என்றார் மாணிக்கம். “இதேதான்.”

முனியம்மா பின்னாலேயே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “நான் இன்னா பண்ணுவன்? மூட்ட ஏத்திக்கினு வந்த வண்டிக்காரனக் கடிச்சிட்டுதுன்னு சொன்னாங்க. தடியோட வருவீங்க, அடிச்சிப் போடுவீங்கன்னு கட்டி வெச்சேன். இப்பக் கயித்தோட வரவும்… அடப்பாவி மனுசா, நீ உசுரோட இருக்கியா? நீ செத்துட்டன்னு எவனாச்சும் சொல்லிடுவானோன்னு நான் செஞ்சி சந்தைக்கே வரலையே! மூணு வாரமா உப்பு இல்லாம துன்றேன்!”

“அப்ப வந்து கேக்கறதுதான?” என்றாள் அஞ்சலை.

“நீங்க வந்து கேக்கறதுதான?”

முனியம்மா ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி நாய் முன்னால் வைத்தாள். அது குடித்தது. நாங்கள் நால்வரும் அதன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சட்டி காலியாகும்வரை குடித்துவிட்டு வாலை ஆட்டியது.

“எனக்கும் குடு,” என்றார் மாணிக்கம்.

முனியம்மா சொம்பு கொண்டுவந்தாள். அஞ்சலை பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏ அஞ்சல, இங்க பாரு. நல்லா பாரு.” முதல் மடக்கில் இருமினார். இரண்டாவது இறங்கிற்று. பிறகு சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு இன்னொன்று கேட்டார்.

கிளம்பும்போது முனியம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, “கயிறு புதுசா இருக்குதே, என்னுது அறுந்துபோச்சி, நாயிக்கு ஆவும்” என்றாள். மாணிக்கம் சுருணையை எடுத்துக் கொடுத்துவிட்டார். குகைக் கோயில் அதற்குள் நடை சாத்திவிட்டது. வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். பதினொன்றுக்கு முன் போனால் பார்க்கலாம்.

மறுநாள் மாணிக்கத்தையும் அதே கரிவாயு பஸ்ஸில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரிடம் நான் பேச ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, “நீயே சொல்லப்பா” என்றேன். நாய் என்ற சொல்லை ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார். டாக்டர் புண்ணைப் பார்த்தார், நாயைப் பற்றி விசாரித்தார், இனி ஊசி வேண்டாம் என்றார். அடுத்து, அது செத்தோ காணாமலோ போயிருந்தால் ஊசி போடாமல் இத்தனை நாள் இருந்தது எவ்வளவு ஆபத்து தெரியுமா என்று சத்தமும் போட்டார். மந்திரித்தவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. தெருக்காரர்கள்மேல் இல்லை, அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த அன்பினால்தான், அவருக்கு வேண்டிய ஒரே செய்தி மூன்று மைல் தாண்டி வரவில்லை.

செஞ்சிக்குப் போகிறவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள். பங்குனியில் பாறை சுடும். ஆளுக்கு ஒரு கூஜா தண்ணீர் வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அஞ்சலையின் கேள்விக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. பஸ் ஏற்ற வந்தபோது அவளும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் இருந்தால், இன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்கு எதை நினைத்துப் பயம்?” என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.